24 பிரஷ் உள்ள மேக்கப் செட் வாங்கலாமா? எப்படிக் கழுவுவது?

"தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு நானே மேக்கப் போட்டுவிடப் போகிறேன். 24 பிரஷ் உள்ள செட் ஒன்று 600 ரூபாய்க்குப் பார்த்தேன், வாங்கலாமா? எப்படிக் கழுவிப் பராமரிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். அதே பணத்தில் உருப்படியான பிரஷ் மூன்று வாங்கலாம். கொஞ்சம் கூடப் போட்டால் ஐந்து. வீட்டில் போடும் மேக்கப்புக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

நான் சென்னை புதுவண்ணாரப்பேட்டையில் வீட்டு முன்னறையில் பார்லர் வைத்திருக்கிறேன். மணப்பெண் அலங்காரத்துக்குப் போக ஆரம்பித்து 11 வருஷம் ஆகிறது. முதல் வருஷம் என்னிடம் இருந்ததும் இப்படி ஒரு செட்தான். தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணம், காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். நாலரை மணிக்கு உட்கார வைத்து ஃபவுண்டேஷன் (முகம் முழுக்கப் போடும் முதல் பூச்சு) பூசினால், பூசப் பூச முடி கொட்டுகிறது. கன்னத்தில், மூக்கோரத்தில், தாடையில் எல்லாம் கறுப்புக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பெண்ணின் அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மூஞ்சி பூரா முடியா கீது?" என்றார். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து, துடைத்து, முதலிலிருந்து பூசினேன். தாலி கட்டும் நேரத்துக்குப் பெண்ணை அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த இருபது நிமிஷம் அந்தப் பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

மட்டமான செட் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி நான் செய்தது. முந்தின நாள் இரவு பிரஷ்களை மக்கில் ஷாம்பு தண்ணீர் ஊற்றி, தலைகீழாக நிற்க வைத்து ஊறவிட்டுத் தூங்கிவிட்டேன். பிரஷ்ஷின் கழுத்தில் ஒரு உலோக வளையம் இருக்கிறதே, முடியை எல்லாம் பிடித்து வைத்திருக்கும் பசை அதற்குள்தான் இருக்கிறது. தண்ணீர் உள்ளே போய் நின்றால் பசை விட்டுக்கொடுக்கும். மரக் கைப்பிடி ஊறி உப்பும், காய்ந்ததும் சுருங்கும், அதனால் வளையமும் ஆட ஆரம்பிக்கும். இதற்குப் பிறகுதான் பிரஷ் வாங்கும்போது முடியைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்க்கும் பழக்கம் வந்தது.

செளகார்பேட்டை பேன்சி கடைகளில் வாங்கினால் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். வளையத்தை ஒரு கையிலும் கைப்பிடியை ஒரு கையிலும் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. முடியை இரண்டு விரலால் மெதுவாக இழுங்கள். புதிதில் ஒன்றிரண்டு வருவது சகஜம். நாலாவது முறை இழுத்தும் வந்துகொண்டே இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பிறகு மணிக்கட்டின் உள்பக்கத்தில் நுனியைக் குத்துவாட்டில் அழுத்திப் பாருங்கள். குத்தினால் அது கண்ணுக்கு ஆகாது. மலிவு பிரஷ்களில் முடியைக் கத்தரித்து வடிவம் கொண்டுவருவார்கள், வெட்டுப்பட்ட நுனிதான் குத்துவது. ஜப்பானில் ஹிரோஷிமா பக்கம் குமானோ என்று ஒரு ஊர் இருக்கிறது, பிரஷ் செய்வதே அந்த ஊரின் தொழில். அங்கே கைவினைஞர்கள் நுனியை வெட்டாமல், முடியை அடுக்கும் விதத்திலேயே வடிவத்தைக் கொண்டுவருகிறார்கள். அந்த ஊர்ப் பிரஷ் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் நல்ல நுனி எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

ஆட்டு முடி, அணில் முடி போன்ற இயற்கை முடியில் நம் தலைமுடியில் இருப்பது போலவே நுண்ணிய செதில்கள் உண்டு. பவுடர் அதில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஃபவுண்டேஷன் மாதிரி ஈரமான பொருளை அது உறிஞ்சிவிடும், கழுவுவதும் கஷ்டம். செயற்கை இழை வழுவழுப்பானது, எடுத்ததை முகத்திலேயே விடும், சீக்கிரம் காயும். உங்களுக்கு எல்லாமே செயற்கை இழையில் போதும். என்னிடம் வரும் ஜெயின் வீட்டுப் பெண்கள் விலங்கு முடி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள், அதனால் என் பெட்டியில் இப்போது எல்லாமே செயற்கைதான். ஒன்றே ஒன்று: யாராவது "கீரி முடி, ஒரிஜினல்" என்று காட்டினால் தொடவே வேண்டாம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அந்த முடியை விற்பதே குற்றம்.

எந்த ஐந்து என்றால், ஃபவுண்டேஷனுக்கு அடர்த்தியாக, தலை வட்டமாக இருக்கும் ஒன்று. கன்சீலருக்கு, அதாவது கருவளையம், தழும்பு மறைக்கும் பூச்சுக்கு, சின்னதாக ஒன்று. பவுடருக்கும் கன்னச் சிவப்புக்குப் போடும் பிளஷுக்கும் சேர்த்து, தலை சாய்வாக வெட்டியது போல் இருக்கும் நடுத்தர அளவு ஒன்று. கண்ணுக்கு இரண்டு: தட்டையாக ஒன்று, பஞ்சு மாதிரி ஒன்று. வீட்டில் இரண்டு துடைப்பம் வைத்திருக்கிறோம் இல்லையா, அதே கணக்குதான். ஈரத்தை அழுத்தித் தேய்க்கத் தென்னந்துடைப்பம், தூசியை மென்மையாகத் தள்ளப் பூந்துடைப்பம். அடர்த்தியான பிரஷ் நிறத்தைப் பதிக்கும், தளர்வானது பரப்பும். நெற்றிப் பொட்டு வரைவதற்கு மட்டும் ஸ்டேஷனரி கடையில் படம் வரையும் பிரஷ், பூஜ்யம் நம்பர், தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூர்மை மேக்கப் பிரஷ்ஷில் வராது.

ஃபவுண்டேஷனைச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது போல் இழுத்தால் கோடு கோடாக விழும். கன்னத்தில் நாலைந்து புள்ளி வைத்து, பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றிச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மாய்ஸ்சரைசர் போட்டவுடன் இதை ஆரம்பித்தால் திரிந்து உருளும், ஐந்து நிமிஷம் விடுங்கள். பவுடரையும் தேய்க்காமல் ஒற்றியே வையுங்கள். தேய்த்தால் கீழே இருக்கும் ஃபவுண்டேஷனும் கூடவே நகர்ந்துவிடும். ஐஷேடோ எடுத்ததும் கைப்பிடியை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கண்ணுக்குக் கொண்டு போக வேண்டும். நிறங்களைக் கலக்கும்போது கைப்பிடியின் கடைசியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கை தானாகவே லேசாகிவிடும்.

இனி கழுவுவது. நீளமாகத்தான் சொல்லப் போகிறேன்.

7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்பது அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம் சொல்லும் கணக்கு. தினமும் போடுகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். முகத்து எண்ணெய், செத்த தோல், வியர்வை ஈரம் மூன்றும் சேர்ந்த இடத்தில் கிருமி வளராமல் இருக்காது. பரு வந்த முகத்தில் பட்ட பிரஷ்ஷை அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெரிய தொல்லை தண்ணீர். தெரு போர்வெல்லில் வருவது உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். சோப்பு போட்டால் நுரைக்காமல் திரிந்து, வெள்ளையாக முடிக்குள் படிந்துவிடும். காய்ந்ததும் பிரஷ் விறைப்பாகி முகத்தை அறுக்கும். சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து கரையாத கசடாக மாறுவதுதான் காரணம். ஷாம்புவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் சோப்புக்கட்டி வேண்டாம், வாசனை அதிகமில்லாத ஷாம்பு ஒரு ரூபாய் பாக்கெட் போதும். போர்வெல் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசலை மெட்ரோ குழாய்த் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்யுங்கள். ஒரு சொம்பு தண்ணீர்தான் செலவு, பிரஷ் பட்டு மாதிரி வரும்.

ஃபவுண்டேஷன் பிரஷ்ஷின் நுனியில் மட்டும் முதலில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு டிஷ்யூவில் தேய்த்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எண்ணெய்தான் இளக்கும். அப்புறம் தலையைக் கீழே பார்த்தபடி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையில் ஷாம்பு விட்டுச் சுற்றுங்கள். நுரை வெள்ளையாக வரும்வரை இரண்டு மூன்று தடவை. எந்த நேரத்திலும் தண்ணீர் கழுத்துப் பக்கம் ஏறக் கூடாது, கொதிக்கும் தண்ணீரும் கூடாது. துண்டில் வைத்துப் பிழியாமல் அமுக்கி எடுத்து, விரலால் வடிவத்தைச் சரிசெய்து, மேஜை விளிம்பில் முடிப் பக்கம் வெளியே நீட்டியிருக்கும்படி படுக்க வையுங்கள். ஈரத்தோடு டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் எல்லாம் வளையத்துக்குள்தான் இறங்கும்.

ஆப்பிளுக்கு மாட்டிவரும் வெள்ளை வலை இருக்கிறதே, அதைத் தூக்கிப் போடாமல் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பிரஷ்ஷில் மாட்டினால் காயும்போது முடி விரியாது. மொட்டை மாடியில் மட்டும் காயப் போடாதீர்கள். கண்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் எங்கள் மாடிக் கொடியில் துணி காயப் போட்டாலே கறுப்பாகத் தூசி படிகிறது. வீட்டுக்குள் ஃபேன் காற்று போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடர்த்தியான பிரஷ் உள்வரை காய இரண்டு நாள்கூட ஆகும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அப்படியே ஜிப் பையில் போட்டு மூடினால் பூஞ்சை வாடை வந்துவிடும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நான் பிரஷ் பைக்குள் போட்டு வைக்கிறேன்.

ஒரே நாளில் தங்கைக்கும் அம்மாவுக்கும் நீங்களே போடுவதாக இருந்தால், இடையில் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்து, டிஷ்யூவில் நிறம் வராத வரை துடைத்து, காயவிடுங்கள். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். அது சட்டென்று ஆவியாகிவிடும், கிருமியைக் கொல்ல நீரும் கொஞ்சம் வேண்டும். குத்துவிளக்கு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் தெளிக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். இது அவசரத்துக்குத்தான், ஷாம்புக் கழுவலுக்கு மாற்று இல்லை.

மெட்ராஸ் ஐ சீசன் என்றால் ஆல்கஹாலையும் நம்பாதீர்கள். அதைப் பெரும்பாலும் பரப்பும் அடினோ வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் சாகாது. கண் சிவந்திருக்கும் யாருக்கும் கண் மேக்கப் போடாதீர்கள். தெரியாமல் போட்டுவிட்டால் அந்தக் கண் பிரஷ்ஷையும் காஜலையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். இருநூறு ரூபாய்க்குப் பார்த்து வீடு முழுக்கக் கண் வலியோடு நிச்சயதார்த்தத்தில் உட்கார முடியாது.

புதுப் பிரஷ்ஷையும் முதல் தடவை கழுவிவிட்டுத்தான் முகத்தில் வைக்க வேண்டும். உதிர வேண்டிய முடியும் சாயமும் அப்போதே போய்விடும். நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை என்றால் வியாழன் இரவே கழுவிவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஃபவுண்டேஷன் பிரஷ்ஷின் முடியை விரலால் பிரித்து நடுவில் தொட்டுப் பாருங்கள். அங்கே சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, ராத்திரி முழுக்க ஃபேனுக்குக் கீழேயே கிடக்கட்டும்.