கூகுள் பங்கு: 12 ஆண்டுக்கு நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதம் 10,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது. பண்டிகை போனஸ் 60,000 ரூபாய் தனி. மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். 12 வருஷம் கழித்து அவளை இன்ஜினீயரிங் சேர்க்க, எல்லாவற்றையும் கூகுள் ஷேரில் போடலாம் என்று நினைக்கிறேன். ஏஐ வந்துவிட்டதால் கூகுள் இனி வளராது என்கிறார்களே, உண்மையா? எப்படி வாங்குவது?

பதில்: கூகுள் இன்னும் வளரும் என்று நம்பக் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் மகளின் படிப்புப் பணம் முழுவதையும் ஒரே கம்பெனியில் போடாதீர்கள்.

நீங்கள் வாங்கப் போவது ஆல்ஃபபெட் என்ற தாய் நிறுவனத்தின் பங்கு. 2015 முதல் கூகுள் அதன் கீழ்தான் இருக்கிறது. 2024-இல் ஆல்ஃபபெட்டின் மொத்த வருமானம் 35,000 கோடி டாலர், நிகர லாபம் சுமார் 10,000 கோடி டாலர். வருமானத்தில் நான்கில் மூன்று பங்கு விளம்பரப் பணம். தேடுபொறிப் பிரிவு மட்டும் 19,810 கோடி, யூடியூப் விளம்பரம் 3,610 கோடி. அடுத்தவர்களின் இணையதளங்களில் விளம்பரம் போட்டுத் தரும் நெட்வொர்க் பிரிவு 2021-ஐ விடச் சுருங்கிவிட்டது. வேகமாக வளர்வது கிளவுட், அதாவது கம்பெனிகளுக்குக் கணினி வசதியை வாடகைக்குத் தரும் பிரிவு. 2023-இல் 3,310 கோடியாக இருந்தது 2024-இல் 4,320 கோடி ஆனது. 2023-இல்தான் அது முதன்முறையாக லாபத்துக்கே வந்தது.

ஏஐ பயத்தைச் சரியாக எடைபோட, தேடலில் காசு எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். ‘காட்பாடியில் ரயில் எத்தனை மணிக்கு’ என்று தேடினால் கூகுளுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ‘வேலூர் சிஎம்சி பக்கத்தில் லாட்ஜ்’ என்று கொல்கத்தாவிலிருந்து ஒருவர் தேடும்போதுதான் ஏலம் நடக்கிறது. லாட்ஜ்காரரும் ஹோட்டல் புக்கிங் தளங்களும் ஒரு கிளிக்குக்கு இவ்வளவு தருகிறேன் என்று விலை கேட்கிறார்கள். கேட்ட விலையோடு விளம்பரத்தின் தரத்தையும் பார்த்து இடம் ஒதுக்கப்படுகிறது. கிளிக் விழுந்தால் காசு. பொது அறிவுக் கேள்விகள் சாட்ஜிபிடிக்குப் போனால் கூகுளுக்கு உடனடி அடி இல்லை. லாட்ஜ், ஹோம் லோன், இன்ஷூரன்ஸ் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போனால்தான் ஆபத்து.

இதைக் கண்காணிக்க ஒரு வழி உண்டு. ஆல்ஃபபெட்டின் ஆண்டறிக்கையில், காசு கிடைத்த கிளிக்குகளின் எண்ணிக்கை எத்தனை சதவீதம் மாறியது, ஒரு கிளிக்கின் விலை எத்தனை சதவீதம் மாறியது என்ற இரண்டு வரிகள் இருக்கும். கிளிக் எண்ணிக்கை குறைந்து, விலை ஏறுவதால் மட்டுமே வருமானம் வளர்ந்தால் அது எச்சரிக்கை மணி. வருமானம் ஏறுகிறது என்ற செய்தித் தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

அடுத்தது வேகம். 2019 முதல் 2024 வரை வருமானம் ஆண்டுக்குச் சராசரியாக 16-17% வளர்ந்தது. தனித்தனியாகப் பார்த்தால் 2021-இல் 41%, 2023-இல் வெறும் 9%, 2024-இல் 14%. இனி 12 ஆண்டும் 20% வளரும் என்று யாராவது சொன்னால் கால்குலேட்டரை எடுங்கள். 35,000 கோடி 3,12,000 கோடி டாலர் ஆக வேண்டும். அப்போது வருமானத்தில் உலகின் மிகப் பெரிய நிறுவனமாக இருந்த வால்மார்ட்டே 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் ஈட்டியது சுமார் 68,000 கோடிதான். 10% என்றால் 1,10,000 கோடி வரும். இதுவே பெரிய இலக்கு, ஆனால் எட்டக்கூடியது.

லாபக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டேட்டா சென்டர், சர்வர் போன்ற மூலதனச் செலவு 2023-இல் 3,230 கோடி டாலர், 2024-இல் 5,250 கோடி. 2025-க்கு 7,500 கோடி என்று ஆண்டுத் தொடக்கத்தில் அறிவித்து, பிறகு அதையும் உயர்த்தினார்கள். இந்தச் செலவு அந்த ஆண்டே லாபத்தில் கழியாது. சர்வரின் ஆயுள் 6 ஆண்டு என்று வைத்து தேய்மானமாகப் பிரிக்கிறார்கள் (2023-க்கு முன் 4 ஆண்டு). கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது சட்டென்று புரியும்: இன்றைய லாபம் இன்றைய செலவை முழுதாகக் காட்டவில்லை. கிளவுட் வருமானம் தேய்மானத்தை முந்திக்கொண்டு ஏறினால் நல்லது, பின்தங்கினால் லாப விகிதம் சரியும். ஏஐ பற்றிய எல்லா வாதங்களையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒரு ஓட்டப்பந்தயம்தான்.

கம்பெனி வளர்ந்தாலும் நீங்கள் கொடுத்த விலை அதிகமாக இருந்தால் பலன் குறையும். ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல் 25 மடங்கு விலைக்கு வாங்குகிறீர்கள், ஒரு பங்குக்கான லாபம் ஆண்டுக்கு 12% வளர்கிறது என்று வையுங்கள். 12 ஆண்டில் அது 3.9 மடங்கு ஆகும். அப்போது சந்தை 18 மடங்கு விலைதான் தருகிறது என்றால் உங்கள் பணம் 2.8 மடங்கு, அதாவது ஆண்டுக்கு 9%. ரூபாய் மதிப்புச் சரிவு கொஞ்சம் கைகொடுக்கும். 2014 கடைசியில் 63 ரூபாயாக இருந்த டாலர், 2024 கடைசியில் 85-ஐத் தாண்டியது. அது ஆண்டுக்கு 3%. ஆக, ரூபாயில் 12% என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதற்கு மேல் ஆசை காட்டுகிறவரிடம் ஜாக்கிரதை.

வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேடலில் கூகுள் ஏகபோகமாக நடந்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். போன், பிரவுசர்களில் தன்னையே இயல்பான தேடுபொறியாக வைக்க, 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அந்த வழக்கில் வெளிவந்தது. 2025 செப்டம்பரில், குரோமை விற்க வேண்டாம், ஆனால் போட்டியாளர்களை ஒதுக்கிவைக்கும் ஒப்பந்தங்கள் கூடாது என்று அவர் உத்தரவிட்டார். விளம்பரத் தொழில்நுட்ப வழக்கிலும் 2025 ஏப்ரலில் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மாதம் 10,000 ரூபாயை இந்தியப் பங்குகளில் பரவலாக முதலீடு செய்யும் மியூச்சுவல் பண்டுகளில் எஸ்ஐபி (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை போடும் முறை) ஆகப் போடுங்கள். போனஸில் பாதி, அதாவது 30,000 ரூபாய், கூகுளுக்கு. ஆண்டுச் சேமிப்பில் அது ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம். போனஸின் மீதிப் பாதியும் பண்டுக்கே போகட்டும்.

அமெரிக்கப் பங்கு வாங்க வசதி தரும் புரோக்கரிடம் கணக்குத் திறந்து, வங்கியில் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்) கொடுத்து, தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் டாலர் அனுப்ப வேண்டும். பான் கட்டாயம். பலர் கோட்டைவிடுவது கட்டணத்தில்தான். ஒரு முறை அனுப்ப 1,000 ரூபாய் செலவு என்றால், மாதம் 2,500 அனுப்புகிறவர் 40% இழக்கிறார். வருஷத்துக்கு ஒரே முறை 30,000 அனுப்பினால் 3.3%. இரண்டு வருஷப் பணத்தைச் சேர்த்து அனுப்பினால் இன்னும் பாதி. டாலர் மாற்று விலையில் வங்கி எடுக்கும் வித்தியாசத்தையும் முன்பே கேளுங்கள். அனுப்பிய டாலரை 180 நாளுக்குள் முதலீடு செய்யாவிட்டால் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் 20% டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். உங்களுக்கு அது வராது. வாக்குரிமை உள்ள ஏ வகுப்பு, இல்லாத சி வகுப்பு என இரண்டு பங்கு விற்பனையில் இருக்கும். வாக்குகளில் பெரும்பான்மை நிறுவனர்களிடமே இருப்பதால், விலை குறைவானதை வாங்குங்கள்.

வரியில் சம்பளக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, வழக்கம்போல் ஐடிஆர்-1 என்ற எளிய வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்வது. ஒரே ஒரு பங்கு இருந்தாலும் ஐடிஆர்-2 போட்டு, வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கைக் காட்ட வேண்டும். மறைத்தால் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். சிறிய தொகைக்குச் சலுகை இருந்தாலும், காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5% வரி. டிவிடெண்டில் (கம்பெனி பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கு) அமெரிக்கா 25% பிடித்துக்கொள்ளும். அதை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால், முதலீட்டாளர் இறந்த பின் வாரிசுகளுக்கு அந்நாட்டு மரபுரிமை வரி வரக்கூடும். இந்த வேகத்தில் நீங்கள் அந்த எல்லைக்குக் கீழேயே இருப்பீர்கள்.

இறுதியாக, விற்கும் நேரம். 2021 கடைசியில் (பின்னர் நடந்த பங்குப் பிரிப்பைக் கணக்கில் கொண்டால்) 145 டாலரில் இருந்த பங்கு, 2022 கடைசியில் 88 டாலர். கம்பெனி அந்த ஆண்டும் சுமார் 6,000 கோடி டாலர் லாபம் சம்பாதித்தது. அந்த டிசம்பரில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு அந்த லாபத்தால் எந்த உதவியும் இல்லை. மகள் பத்தாம் வகுப்பு முடித்ததும் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் விற்று, வங்கி டெபாசிட்டுக்கு மாற்றத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் விலை ஏறிக்கொண்டே இருந்தாலும் இதை நிறுத்தாதீர்கள்.