மான்டெரேயில் இரண்டாவது டைவில் நடுக்கம்

வணக்கம் நண்பரே. கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் 7 மி.மீ. வெட்சூட்டுடன் (கடலில் மூழ்கப் போடும் நியோப்ரீன் ரப்பர் உடை) முதல் டைவ் சுகமாகப் போனது, இரண்டாவதில் பத்து நிமிடத்திலேயே நடுக்கம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். புது வெட்சூட் வாங்கும் முன், நடுவில் படகில் கழியும் அந்த ஒரு மணி நேரத்தைக் கவனியுங்கள். ஆழத்துக் குளிர்நீர் மேலெழும் கரை அது. தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 13 டிகிரிதான். அதில் நனைந்த வெட்சூட்டோடு காற்றில் உட்கார்ந்தால், ஈரம் ஆவியாகி உடற்சூட்டையும் கொண்டுபோய்விடும்.

ஏறியதும் ஹூடை, அதாவது தலைமூடியை, கழற்றித் தலையைத் துவட்டுங்கள். கம்பளித் தொப்பி, வெட்சூட்டுக்கு மேலேயே காற்றுப் புகாத நீளக் கோட்டு, காற்று மறைவான இடம். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோங்கள். குடித்தது போக, கைபொறுக்கும் சூட்டில் கையுறைக்குள் ஊற்றிக்கொண்டு இறங்கலாம்.

இரண்டாவது டைவை 10 மீட்டருக்குள் வையுங்கள். 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல மும்மடங்கு, வெட்சூட்டின் நியோப்ரீன் நசுங்கி மெலிந்துவிடும். கெல்ப் என்னும் உயரமான கடற்பாசிக் காடு அந்த ஆழத்திலும் அழகுதான்.

நடுக்கம் தொடங்கினால் உடன் இறங்கிய நண்பருக்குச் சைகை காட்டி மெதுவாக ஏறிவிடுங்கள். படகிலும் அடங்காவிட்டால் அன்று மறுபடி இறங்க வேண்டாம், கட்டிய பணத்தை நினைக்காதீர்கள். ஆழத்தில் சுவாசித்து உடலில் கரைந்த நைட்ரஜன், உடல் குளிர்ந்திருந்தால் மெதுவாகவே வெளியேறும்; அதோடு மறுபடி இறங்குவது ஆபத்து. டைவை வழிநடத்தும் டைவ்மாஸ்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.