ட்வின் ஒரு கணக்கு, எக்செல் ஒரு கணக்கு

கேள்வி: விநியோகச் சங்கிலிக்கு டிஜிட்டல் ட்வின் (நிஜச் சங்கிலியைக் கணினியில் பிரதியெடுத்த மாதிரி) போட்டு ஏழு மாதம் ஆகிறது. பயிற்சியும் கொடுத்தாயிற்று. எதை, எப்போது, எவ்வளவு ஆர்டர் செய்வது என்று திட்டமிடும் பிளானர்கள் எக்செல்லை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இன்னொரு பயிற்சி வகுப்பு மட்டும் வேண்டாம். முதலில் அந்த எக்செல்லைத் திறந்து, லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும்வரை ஆகும் நாள்கள்) பத்தியை நிறுவன மென்பொருளான ஈஆர்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈஆர்பியின் அடிப்படைப் பதிவான மாஸ்டரில் என்றைக்கோ பதிந்த 14 நாள் அப்படியே கிடக்கும். சரக்கோ 11 நாளிலும் வரும், 26 நாளிலும் வரும். இது தெரிந்த பிளானர் 22 என்று போட்டு வைத்திருப்பார். ட்வின் 14-ஐ நம்பி, ‘இப்போது ஆர்டர் வேண்டாம்’ என்று சொல்லும். அதைக் கேட்டுச் சரக்கு தீர்ந்துபோனால் திட்டு வாங்கப்போவது ட்வின் இல்லையே!

மக்கள் புதுத் தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்று விளக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, ‘இது எனக்குப் பயன்படுமா, கையாள எளிதா’ என்ற இரண்டைத்தான் பார்க்கிறது. அவர் ஆய்விலேயே பயன்தான் எளிமையைவிட அதிக எடை பெற்றது. நிறுவனங்கள் முப்பரிமாணத் திரைக்குச் செலவழிப்பதில் பாதியையாவது மாஸ்டர் டேட்டாவுக்குச் செலவழிக்கலாம்.

ஒவ்வொரு சப்ளையர், பொருள் ஜோடிக்கும் கடந்த 12 மாத ஆர்டர் தேதியையும் சரக்கு வந்த தேதியையும் எடுங்கள். இடைப்பட்ட நாள்களின் நடு மதிப்பு ஒன்று. பத்தில் ஒன்பது முறை எத்தனை நாளுக்குள் வந்திருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் ட்வினில் ஏற்றுங்கள். ஆர்டர் தவணையாக வந்திருந்தால் முதல் தவணையின் தேதியை எடுத்துவிடாதீர்கள். லீட் டைம் பொய்யாகக் குறைந்துவிடும். பெட்டிக்கணக்கும் உதிரிக்கணக்கும் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிடங்கு இருப்பு இரவில் ஒரே முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் திரையில் அந்த நேரம் தெரிய வேண்டும். மாலை நான்கு மணிக்கு நேற்றிரவின் இருப்பை ‘நேரடி’ என்று காட்டினால், ரேக்கைப் பார்த்துவிட்டு வருகிறவர் மறுபடி அதை நம்ப மாட்டார்.

இத்தனையும் சரிசெய்த பிறகு, பிளானருக்குத் தலைவலி தரும் 30 பொருள்களை அவரையே பொறுக்கச் சொல்லுங்கள். கடந்த 26 வாரத்தை ட்வினில் ஓட்டுங்கள். முதல் 4 வாரத்தைத் தள்ளிவிட்டு, மீதியில் வாரக்கடைசி இருப்பை நிஜ இருப்போடு ஒப்பிடுங்கள். எங்கே பிசகுகிறது என்பதை அவரே கண்டுபிடிப்பார். அப்புறம் 8 வாரம் எக்செல்லும் ட்வினும் சேர்ந்து ஓடட்டும்.

கேள்வி: ட்வின் சொல்லும் அளவைப் பிளானர் மாற்ற விடலாமா?

பதில்: விடுங்கள். கணிப்பைக் கொஞ்சமாவது திருத்த முடியும் என்றால் மக்கள் கணினிக் கணிப்பை ஏற்க அதிகம் முன்வருகிறார்கள் என்று டீட்வோர்ஸ்ட், சிமன்ஸ், மாஸி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2018-இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கை அரிப்புக்குச் செய்யும் சின்னத் திருத்தம் கெடுதல். ஃபில்ட்ஸ் குழுவினர் 2009-இல் நான்கு நிறுவனங்களின் தேவைக் கணிப்புகளை ஆராய்ந்தபோது, சிறு திருத்தங்கள் பெரும்பாலும் துல்லியத்தைக் குறைத்தன. பெரிய திருத்தங்கள், அதிலும் கணிப்பைக் குறைத்தவை, பலன் தந்தன. ஆகவே 10 சதவீதத்துக்குக் கீழான திருத்தத்துக்குத் தடை வைத்துப் பாருங்கள். மேலே போனால் காரணம் கட்டாயம். காரணப் பட்டியல் ஆறைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் எல்லோரும் ‘மற்றவை’யைத்தான் அமுக்குவார்கள்.

கேள்வி: மாதம் ஒருமுறை தரவைக் கையால் ஏற்றுகிறோம். இதுவும் ட்வின்தானா?

பதில்: இல்லை, டிஜிட்டல் மாடல். தரவு தானாக உள்ளே வந்தால் டிஜிட்டல் நிழல்; முடிவும் தானாகத் திரும்பிப் போனால்தான் ட்வின். கிரிட்ஸிங்கர் குழுவினர் 2018-இல் பிரித்த வகை இது. மாடலே போதுமென்றால் மாடல் என்றே சொல்லி அறிமுகப்படுத்துங்கள். ட்வின் என்று விற்றால் அன்றாட முடிவுக்கும் அதைக் கேட்பார்கள், ஏமாறுவார்கள்.

கேள்வி: ஏற்பை எப்படி அளப்பது? எத்தனை பேர் லாகின் செய்கிறார்கள் என்று பார்க்கிறோம்.

பதில்: காலையில் திறந்து வைத்துவிட்டு எக்செல்லில் வேலை செய்தாலும் அது லாகின்தான். பரிந்துரைகளில் எத்தனை அப்படியே ஆர்டராகின, எத்தனை திருத்தப்பட்டன, திருத்தியதில் எது சரியாயிற்று என்று வாரந்தோறும் பாருங்கள். நூற்றுக்கு நூறு அப்படியே போனால் மகிழ வேண்டாம். யாரும் படிக்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்துகிறார்களா என்று, ஒப்புதலுக்கு எடுத்த விநாடிகளைச் சரிபாருங்கள்.