வாசகர் கேள்வி: எச்சில் வாளியை நிறுத்துப் பாருங்கள்

கேள்வி: கல்லூரியில் சூழல் மன்றம் தொடங்கியிருக்கிறோம். போன ஜூனில் நட்ட மரக்கன்றுகளில் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. அதிகச் செலவில்லாமல், அன்றாடம் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன் ஐயா.
- விடுதி மாணவி, திருநெல்வேலி

பதில்: கன்று காய்ந்தது உங்கள் குற்றமில்லை அம்மா. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம் என்பதால் எல்லாரும் அப்போது நடுகிறோம். உங்கள் ஊர்ச் சமவெளியில் நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தானே? புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்துவைத்து, முதல் மழைக்கு நடுங்கள்.

அன்றாடம் என்றால் நான் மெஸ்ஸைத்தான் காட்டுவேன். பதினோரு வருடம் விடுதிக் காப்பாளராக இருந்தவன். ஒரு திங்கட்கிழமை காலை, எச்சில் வாளியைத் தூக்க முடியாமல் ஆயா தரையோடு இழுத்துக்கொண்டு போனார். எட்டிப் பார்த்தேன். அரிசி உப்புமா, கரண்டியில் இருந்து விழுந்த வடிவம்கூடக் கலையாமல் கிடந்தது. மேலே கறிவேப்பிலை அப்படியே. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. ஒரு கிலோ அரிசி விளைய ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டுமே!

மறுநாளே பழைய பேப்பர் கடையில் தொங்கு தராசு இரவல் வாங்கினோம். வேளைக்கு வேளை வாளியை நிறுத்து, கை கழுவும் இடத்தில் பலகை வைத்து எடையை எழுதினோம். யாரையும் திட்டவில்லை. இரண்டு வாரத்தில் காரணம் புரிந்தது. கரண்டி பெரிது, அப்புறம், ஊருக்குப் போனவர்களுக்கும் சேர்த்தே உலை வைத்திருக்கிறார்கள். சின்னக் கரண்டி வந்தது. ஊருக்குப் போகிறவர்கள் வியாழன் இரவே நோட்டில் பெயர் எழுதினார்கள். ‘கொஞ்சமா போடுங்கக்கா, வேணும்னா திரும்ப வர்றேன்’ என்று சொல்லப் பிள்ளைகள் பழகினார்கள். அந்த வருடக் கடைசியில் ஆயா வாளியை ஒரு கையால் தூக்கிப் போனதைப் பார்த்தேன்.

அடுத்தது மின்விசிறி. பழைய விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். ஒரு வகுப்பில் எட்டு விசிறி, சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம் சும்மா சுற்றினால் அரை யூனிட்டுக்கு மேல் போச்சு. இருபது வகுப்பு என்றால் நாளுக்கு 12 யூனிட். கடைசியாக வெளியே வருகிறவர் ஸ்விட்சைத் தட்டினால் போதும்.

டீக்கு டம்ளர் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டதுதான்.

சரி, மெஸ் செயலரிடம் இன்றைக்கே பேசுங்கள். தராசு கிடைக்காவிட்டால் எழுதுங்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.