கரண்டி கொத்தனார் கையில் இருக்கட்டும்

கேள்வி: இரண்டு வாரம் வெளிநாட்டுக் கிராமம் ஒன்றில் வீடு கட்டும் தொண்டுப் பணிக்குப் போகிறோம். எங்களில் யாருக்கும் கட்டட வேலை தெரியாது. என்ன வேலை கொடுப்பார்கள்?

பதில்: சித்தாள் வேலை. மணல் சலிப்பது, கல் எடுத்துக் கொடுப்பது, கலவை போடுவது, சுவரை நனைப்பது. சுவர் எடுப்பவர் உள்ளூர்க் கொத்தனார். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். தூக்குக்குண்டுக்கு (நூலில் தொங்கவிட்டுச் சுவர் செங்குத்தா என்று பார்க்கும் குண்டு) நிற்காத சுவரை இடித்துக் கட்டும் சுமை அவர் தலையில்தான் விழும்.

கலவையை ஒழுங்காகப் போடக் கற்றாலே பெரிய உதவி. ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் விட்ட சிமென்ட் கல்) சுவருக்குப் பெரும்பாலும் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல். 50 கிலோ மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர். அந்த அளவுப் பெட்டியால் ஆறு பெட்டி மணல் அளந்து போடுங்கள். மண்வெட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஈர மணல் உப்பி, கால் பங்கு வரை கூடுதலாக இடம் பிடிக்கும் என்பதால் அதற்கு எவ்வளவு கூட்டுவது என்று கொத்தனாரிடம் கேளுங்கள். நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகவே புரட்டிவிட்டு, நடுவில் குழி பறித்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். புதியவர்கள் புரட்டச் சுலபமாக இருக்கிறதென்று தண்ணீரைக் கூட்டிவிடுவார்கள். கலவை வலுவிழந்து, காயும்போது சுருங்கி வெடிப்பு விடும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறுவதும் அதே கேடு. ஆகவே ஒரு மணி நேரத்தில் தீரும் அளவே போடுங்கள்.

செங்கல்லை நனைத்துக் கட்டுவார்கள். ஹாலோ பிளாக்கை ஊறவைக்கக் கூடாது. ஊறிய கல் சுவரில் காயும்போது சுருங்கி விரிசல் விடும். ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சுவரை ஏற்றக் கூடாது. இரண்டு வாரத்தில் வீடு முழுதாக முடியாமல் போகலாம். அஸ்திவாரம் முன்பே போட்டாயிற்றா, நீங்கள் கிளம்பிய பின் கூரையை யார் போடுவார்கள் என்று அமைப்பாளரிடம் இப்போதே கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் வேறு அமைப்பைப் பாருங்கள். அந்தக் குடும்பம் பாதி வீட்டோடு நிற்கக் கூடாது.

கேள்வி: துணிக் கையுறை போதுமா?

பதில்: போதாது. ஈரச் சிமென்ட் கடும் காரம். துணி அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். புண் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். மண்டியிடும் முட்டியும் கலவை புகுந்த பூட்ஸும் அதிகம் அடிபடும் இடங்கள். நைட்ரில் அல்லது ரப்பர் கையுறை, முழுக்கால் சட்டை, கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பட்டுவிட்டால் ஈரத் துணியைக் களைந்து, 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தோல் வெளுத்தாலோ கொப்பளித்தாலோ மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே பாருங்கள்.

கேள்வி: தங்கும் வீட்டாருக்குப் பணம் கொடுக்கலாமா? நான் சைவம்.

பதில்: நேரடியாகக் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்குக் கிடைத்து அடுத்த வீட்டுக்குக் கிடைக்காவிட்டால், மனக்கசப்பு நீங்கள் போன பிறகும் நீடிக்கும். தங்கும் செலவை அமைப்பு எப்படித் தருகிறது என்று கேளுங்கள். சைவம் என்ற சொல்லை நம்பாமல் இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம் என்று பிரித்து முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். இலையில் வைத்த பிறகு மறுத்தால் சமைத்தவர் மனம் நோகும். குடிநீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் ஆகியிருக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். குளிக்கிற தண்ணீரை யாரோ சுமந்து வந்திருக்கலாம். ஒருவருக்கு எத்தனை வாளி என்று கேட்டுக் குளியுங்கள்.

கேள்வி: சுற்றுலா விசா போதுமா?

பதில்: சம்பளமில்லாத தொண்டையும் வேலையாகவே கருதும் நாடுகள் உண்டு. தூதரகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.