அந்த ஓநாய்ப் பெண் இரண்டு முறை மறுத்தாள்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் ஓராண்டுக்கும் மேலாக வாரம் ஒருமுறை கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடிவருகிறோம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான். ஓநாயின் உடலும் மனிதரின் பேச்சும் அறிவும் கொண்ட ஒரு பெண்பாத்திரத்தை, பழைய நூலகம் ஒன்றின் காவலாளியாகப் படைத்திருந்தேன். ஒரு நண்பரின் வீரன் அவள்மீது காதல் கொண்டான். இரண்டு முறை அவள் மறுத்தாள். மூன்றாவது முறை அவர் மயக்கும் மந்திரத்தைப் பயன்படுத்தினார். பகடையும் அவருக்குச் சாதகமாக விழுந்தது. விதி விதிதானே என்று, அவளுடைய குரலில் காதல் வசனங்களை நானே பேசினேன். மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்கு உடம்பு கூசியது. அதன்பின் இரண்டு வாரமும் சாக்குச் சொல்லி ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். “இல்லாத ஒரு பிராணிக்குச் சம்மதம் எங்கிருந்து வரும்? கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் நூறை வெட்டினோமே, அப்போது கூசவில்லையா?” என்று கேட்கிறார் அந்த நண்பர். குழுவில் உள்ள தோழி ஒருத்தியோ, “ஓநாயோடு காதல் என்பதே அருவருப்பு, தவறு அங்கேதான் தொடங்கியது” என்கிறாள். நான்தான் மிகையாக எண்ணுகிறேனா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் மிகையாக எண்ணவில்லை. உங்கள் உடம்பு கூசியதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை உங்கள் நண்பரும் சொல்லவில்லை, தோழியும் சொல்லவில்லை.

தோழி சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அருவருப்பு வாதத்தால் கலைவதில்லை, கலைக்கவும் நான் முயலப்போவதில்லை. தனக்குப் பிடிக்காத காட்சியைப் பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் தவறு ஓநாயின் உடலில் தொடங்கியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நிஜ உலகில் விலங்கோடு அத்தகைய உறவு கொடுமையாவது, அதன் உடம்பில் ரோமம் இருப்பதால் அல்ல. நடப்பது என்னவென்று அதற்குப் புரியாது, புரிந்தாலும் வேண்டாம் என்று சொல்ல அதற்கு வாயில்லை, நம்மை விட்டு விலகிப் போகவும் வழியில்லை. நீங்கள் படைத்த காவலாளிக்கு இவை எல்லாமே இருக்கின்றன. அவள் நூல்களைக் காக்கிறாள், பேசுகிறாள், தனக்கு வேண்டியது எது வேண்டாதது எது என்று அறிந்திருக்கிறாள். அவள் மறுத்தாள் என்பதே அவளால் மறுக்க முடியும் என்பதற்குச் சான்று.

இதைப் பற்றி யோசிப்பவர்களிடையே ‘ஹார்க்னஸ் சோதனை’ என்று ஓர் அளவுகோல் புழங்குகிறது. ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் 2005இல் அறிமுகமான கேப்டன் ஜாக் ஹார்க்னஸ் என்ற பாத்திரத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். கற்பனை உயிரினத்துக்கு மனிதருக்கு நிகரான அறிவு உண்டா, தன் விருப்பத்தைத் தெளிவாகத் தெரிவிக்க அதற்கு மொழி உண்டா, தன் இனத்தின் கணக்கில் அது பருவம் அடைந்ததா என்று அது மூன்று கேள்விகள் கேட்கிறது. எளிய அளவுகோல்தான், பெரும்பாலும் பயன்படவும் செய்கிறது. ஆனால் மூன்றாவது கேள்வியை ஓட்டையாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தையின் உடல், குழந்தையின் முகம், குழந்தையின் பேச்சு என்று எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, இவள் ஆயிரம் வயது டிராகன் என்று ஒரு வரியைச் சேர்த்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். போதாது. கண்ணெதிரே நிற்பது குழந்தை என்றால், பாத்திரக் குறிப்பில் எழுதிய வயது அதை மாற்றாது. இந்த ஓர் இடத்தில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. உங்கள் காவலாளி அப்படிப்பட்டவள் அல்ல என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

அந்தச் சோதனையில் தேறியவள் காதலிக்கத் தக்கவள், அவ்வளவுதான். அவள் உங்கள் நண்பரின் வீரனைக் காதலிக்கிறாளா என்பது வேறு கேள்வி. தகுதியையும் சம்மதத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் நான் அடிக்கடி காணும் பிழை. நம் பழைய அகத்திணை இலக்கணம் இதில் மிகவும் கூர்மையாக இருந்திருக்கிறது. ஒத்த அன்பினால் இருவர் கூடுவதை ஐந்திணைக்குள் வைத்தது; எதிரே இருப்பவரிடமிருந்து பதிலே வராமல், தானே சொல்லித் தானே இன்புறுவதைத் தனியாகப் பிரித்துக் கைக்கிளை என்றது; காமத்தின் மிகுதியில் வன்மை புகுந்துவிட்டால் அதைப் பெருந்திணைக்குத் தள்ளியது. உங்கள் மேசையில் நடந்ததற்கு இந்த மூன்றில் எது பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு முறை அது கைக்கிளை. ஒருவர் விரும்புகிறார், மற்றவர் விரும்பவில்லை, அதில் குற்றம் ஏதுமில்லை. மூன்றாவது முறை மந்திரம் அவளுடைய மறுப்பை அகற்றிவிட்டது. அதன்பின் அவள் வாயிலிருந்து வந்ததைப் பதில் என்று எப்படிச் சொல்வது?

அசல் பதில் எப்படி இருக்கும் என்பதைச் சில கணினி விளையாட்டுகள் அழகாகக் காட்டியிருக்கின்றன. 2010இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 2’ விளையாட்டில் டாலி என்றொரு வேற்றுக்கிரகப் பெண் வருகிறாள். அவளுடைய இனத்தாருக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைவு. முகக்கவசத்தைக் கழற்றுவதே ஆபத்து. காதல் கைகூடும் கட்டத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு இணங்கிவிடுவதில்லை. நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பார்த்து, முன்கூட்டியே மருந்துகள் எடுத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்துதான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறாள். தன் உடலுக்கு நேரப்போவதை அவளே எடைபோட்டிருப்பதால் அந்தச் சம்மதத்துக்குக் கனம் இருக்கிறது. 2014இல் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ விளையாட்டில், கொம்பு முளைத்த பேருருவினனாகிய அயர்ன் புல், எந்த நொடியில் சொன்னாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் ஒரு சொல்லைத் தன் துணைக்குக் கொடுத்துவைக்கிறான். 2015இல் வந்த ‘அண்டர்டேல்’ விளையாட்டில் பாப்பிரஸ் என்ற எலும்புக்கூட்டோடு நீங்கள் காதல் சந்திப்புக்குப் போகலாம்; எவ்வளவு நன்றாக நடந்துகொண்டாலும், தனக்கு அந்த உணர்வு வரவில்லை, நண்பர்களாக இருப்போம் என்று கடைசியில் அவன் சொல்லிவிடுவான். அந்த மறுப்பு அவனைச் சிறுமைப்படுத்துவதில்லை, ஆடுபவரையும் சிறுமைப்படுத்துவதில்லை.

நானே ஒருமுறை இதில் வழுக்கியிருக்கிறேன். 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில் அஸ்டேரியன் என்ற, ரத்தம் குடிக்கும் வாம்பயர் உடன் வருவான். இருநூறு ஆண்டுகள் ஓர் எஜமானுக்கு அடிமையாக இருந்து, தன் உடலையே தூண்டிலாக்கி ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும்படி ஏவப்பட்டவன். ஒரு கோட்டையில் ரத்தத்தை வைத்து வணிகம் செய்யும் பெண் ஒருத்தி, அவன் தன்னைக் கடித்துக் குடிக்க வேண்டும், அதற்குக் கூலியாக உடல் வலிமையை நிரந்தரமாகக் கூட்டும் மருந்தைத் தருகிறேன் என்பாள். அவனுக்குத் துளியும் விருப்பமில்லை. எனக்கு அந்த மருந்து வேண்டியிருந்தது. வற்புறுத்தும் வரியைத் தேர்ந்தெடுத்தேன், அவன் செய்தான். பின்னர் அவன் அதைப் பற்றிப் பேசியபோது, நான் அவனிடம் கேட்டது அவனுடைய பழைய எஜமான் கேட்டதிலிருந்து வேறல்ல என்பது புரிந்து, சேமித்து வைத்திருந்த பழைய இடத்துக்குத் திரும்பி, இம்முறை அவன் பக்கம் நின்றேன். அவன் நன்றி சொன்னான். அவனுக்கு முந்தைய ஆட்டம் நினைவில்லை, எனக்கு இருந்தது. அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பொருளுக்காக ஒருவரின் மறுப்பைத் தள்ளிவைக்க எனக்கு எவ்வளவு குறைந்த நேரம் போதுமாயிருந்தது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அவனிடம் நான் நடந்துகொண்ட விதம் என்னுடையது. அது கற்பனை அல்ல.

உங்கள் நண்பரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. மறுப்பைப் பூட்டாகவும் தன்னைச் சாவி தேடுபவராகவும் பார்க்கும்படி விளையாட்டுகள்தாம் நம்மைப் பழக்கியிருக்கின்றன. 2016இல் வந்த ‘ஸ்டார்டூ வேலி’ என்ற பண்ணை விளையாட்டை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனாலும் அதில் ஊர்க்காரர் ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு பரிசுகள் வீதம் கொடுத்துக்கொண்டே போனால், நெருக்கத்தைக் காட்டும் இதயங்கள் ஒவ்வொன்றாக நிறைகின்றன, 250 புள்ளிக்கு ஓர் இதயம். இப்படி ஆடிப் பழகியவருக்கு, இரண்டு முறை மறுத்தவள் இன்னும் சரியான பரிசு கிடைக்காதவளாகத்தான் தெரிவாள். அதே விளையாட்டில் பாதாளச் சாக்கடைக்குள் குரோபஸ் என்றொரு நிழல் உயிரி வாழ்கிறது. அதனோடு எவ்வளவு நெருங்கினாலும் திருமணத்துக்கு வழியில்லை, ஒரே வீட்டில் தோழமையாகக் குடியிருக்கலாம், அவ்வளவே. அந்த எல்லையை அங்கே வைத்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

இனி கோப்ளின்கள். உங்கள் நண்பரின் கேள்வி நல்ல கேள்வி; தத்துவவாதிகளும் அதைக் கேட்டிருக்கிறார்கள். விளையாட்டில் கொலையைப் பொறுத்துக்கொள்ளும் நாம் வேறு சில குற்றங்களை ஏன் பொறுப்பதில்லை என்று 2009இல் மார்கன் லக் ஒரு கட்டுரை எழுதினார். அந்த வாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை. என் பதில் இது. கோப்ளினை வெட்டும்போது அது சண்டை என்று மேசையில் இருக்கும் ஐவருக்கும் தெரியும், கதைக்கும் தெரியும். சண்டையும் சாவும் வரும் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் உட்கார்ந்தீர்கள். காவலாளியிடம் நடந்தது வற்புறுத்தல். ஆனால் அதைக் காதல் காட்சியாக ஆடினீர்கள். கதையில் வற்புறுத்தலும் வரலாம், கொடுமையும் வரலாம். நடப்பது கொடுமை என்று அந்தக் கதை அறிந்திருக்க வேண்டும். தவிரவும், கோப்ளினை வெல்வதற்கு அதன் விருப்பம் யாருக்கும் தேவையில்லை. உங்கள் நண்பர் தேடியதோ அவளுடைய விருப்பம். அதைப் பெறுவதற்காக எதை எடுத்தாரோ அந்த மந்திரமே அதை இல்லாமல் செய்துவிட்டது.

விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகடை விழுந்துவிட்டது, வேறு வழியில்லை என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிநூலின் ஐந்தாம் பதிப்பில் உள்ள மயக்கு மந்திரங்களை எடுத்துப் பாருங்கள். மனிதரையொத்தவர்களை மயக்குவதும் சரி, பிற உயிரினங்களை மயக்குவதும் சரி, ஒரு மணி நேரத்துக்கு எதிராளியை நட்பாக நடந்துகொள்ள வைக்கிறது, அவ்வளவுதான். காதலிப்பாள் என்றோ உடன்படுவாள் என்றோ அங்கே எழுதவில்லை. அந்த ஒரு மணி நேரம் முடிந்தவுடன், தன்னை மயக்கியது யார் என்பது மயங்கியவருக்குத் தெரிந்துவிடும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. ஆக, விதியை நீங்கள் மீறவில்லை. விதி கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். கணினியில் ஆடியிருந்தால் அந்த வசனங்களை முன்னரே எழுதி, முன்னரே ஒலிப்பதிவு செய்திருப்பார்கள். அதற்கு இணங்கித்தான் ஒரு நடிகர் குரல் கொடுத்திருப்பார். உங்கள் மேசையில் அவளுக்கென்று வேறு வாய் இல்லை. நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, சிலர் சிரிக்க, பேச விரும்பாத சொற்களை உங்கள் வாய் பேசியது. இல்லாத பிராணிக்குச் சம்மதம் எங்கிருந்து வரும் என்று நண்பர் கேட்டாரே, அது உங்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். இருமுறை அவள் மறுத்தபோது மறுத்தது நீங்களும்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது; அப்படி இல்லையென்றாலும், மூன்றாவது முறை கூசியது உங்கள் உடம்புதான்.

ஆகவே அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் அந்த நண்பரிடம் தனியாகப் பேசுங்கள். எழுத்துச் செய்தி வேண்டாம். நேரிலோ தொலைபேசியிலோ பேசுங்கள். ஓநாயைப் பற்றியோ நெறிமுறையைப் பற்றியோ அவரோடு வாதாடத் தேவையில்லை. “அந்தக் காட்சியைப் பேசியபோது எனக்குச் சங்கடமாக இருந்தது, அப்போதே நிறுத்தாமல் விட்டுவிட்டேன், இனி அப்படிப்பட்ட காட்சியை நான் நடத்தமாட்டேன்” என்ற அளவு போதும். நல்ல நண்பர் இதற்கு மேல் விளக்கம் கேட்கமாட்டார். கேட்டாலும், கோப்ளின் கணக்கைத் திரும்ப எடுத்தாலும், பதில் மாறாது. அதுவும் ஒத்துவரவில்லையென்றால் இந்தக் கதையை நடத்தாமல் விடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பிறகு எல்லோரும் கூடும்போது, எவையெவை இந்தக் கதையில் வரவே கூடாது, எவை நடந்தாலும் விவரிக்காமல் திரையை மூடிவிட வேண்டும் என்று ஐவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ரான் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் இவற்றைக் கோடு என்றும் திரை என்றும் பிரித்துச் சொன்னார். உங்கள் தோழி விலங்குருவக் காதலைக் கோட்டுக்கு அப்பால் வைக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள். அதற்கு அவர் காரணம் நிறுவ வேண்டியதில்லை. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வகுத்த எக்ஸ் அட்டையையும் மேசை நடுவில் வையுங்கள். ஓர் அட்டையில் எக்ஸ் என்று எழுதி வைப்பதுதான். யார் அதைத் தொட்டாலும், ஏன் என்று கேட்காமல் காட்சியை மாற்றிவிட வேண்டும். டன்ஜன் மாஸ்டரும் தொடலாம் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவையுங்கள். கதையை நடத்துபவருக்கும் கூசும் என்பது பலருக்கு நினைவே வருவதில்லை.

காவலாளியின் கதையை எப்படித் தொடர்வது என்பது உங்கள் விருப்பம். அந்தக் காட்சி நடக்கவேயில்லை என்று குழுவாகச் சேர்ந்து அழித்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அல்லது மந்திரத்தின் நேரம் முடிந்து, தனக்கு நேர்ந்ததை அறிந்தவளாக அவள் எழுந்து நிற்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, அவளுடைய குரலில் பேச இன்னமும் மனம் ஒப்பவில்லையென்றால் வசனமே வேண்டாம். காவலாளி நூலகத்தின் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டாள் என்று கதைசொல்லியாக ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்தவரின் முறைக்குப் போய்விடுங்கள்.