பேசியிருந்தால் பிடிபட்டிருப்பார்கள்

கேள்வி: பழைய அமெரிக்க ஊமைக் குறும்படங்களில் கட்டிய மனைவியையே கணவனுக்கு அடையாளம் தெரியாமல் போகிறதே, அந்தக் காலத்து ரசிகர்கள் இதை எப்படி நம்பினார்கள்?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: முகத்தை மாற்றிக்கொண்டாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதானே உங்கள் ஐயத்தின் வேர்? ஊமைப் படத்தில் அந்தக் குரலே இல்லை என்பதால், பேசும் படத்தில் முதல் வார்த்தையிலேயே உடைந்துவிடக்கூடிய கதை அங்கே கடைசிவரை தாக்குப்பிடித்தது.

ஹால் ரோச் தயாரிப்பில் லியோ மெக்கேரி இயக்கிய 'மைட்டி லைக் எ மூஸ்' (1926) இதற்கு நல்ல சான்று. சார்லி சேஸ் நடித்த கணவனுக்கு எடுப்பான பற்கள். விவியன் ஓக்லண்ட் நடித்த மனைவிக்குப் பெரிய மூக்கு. ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருவரும் தத்தம் குறையைச் சிகிச்சையில் சரிசெய்துகொண்டு, வெளியே எதிர்ப்படும்போது யாரென்று தெரியாமலே மயங்கிப்போகிறார்கள். கதை இத்தோடு நின்றிருந்தால் சாதாரணப் படம்தான். உண்மையை முதலில் கண்டுகொள்ளும் கணவன், மனைவிக்குப் பாடம் புகட்டுவதற்காகத் தன்னோடு தானே சண்டையிடுகிறான். பொய்ப்பற்களை மாட்டினால் கணவன், கழற்றினால் கள்ளக் காதலன் என்று மாறி மாறித் தோன்றி, அறைகலனெல்லாம் அதிர அவன் ஒற்றை ஆளாக நடத்தும் அந்த அடிதடிக்காகவே இரண்டு ரீல்களையும் பார்க்கலாம். தானும் அதே தவறைச் செய்தவன்தான் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

சாப்ளினின் 'தி ஐடில் கிளாஸ்' (1921) படத்தில் குடிகாரச் செல்வந்தர், நாடோடி ஆகிய இரு வேடங்களும் அவருடையவையே. மாறுவேட விருந்துக்குக் கவசம் அணிந்து கிளம்பும் கணவரின் தலைக்கவச மூடி திறக்க மறுக்க, போலீசுக்குப் பயந்து உள்ளே நுழைந்த நாடோடியைத் தன் கணவரின் வேடம் என்றே மனைவி எண்ணிவிடுகிறாள்.

கேள்வி: உருவக் குழப்பம் இல்லாமலே திருமணம் குளறுபடியாகும் படம் உண்டா?
– வாசகர் ஒருவர், தென்காசி

பதில்: உண்டு. பஸ்டர் கீட்டனின் 'மை வைஃப்ஸ் ரிலேஷன்ஸ்' (1922). ஜன்னலை உடைத்தவன் என்று தவறாக எண்ணி ஒரு பெண் கீட்டனை நீதிபதியிடம் இழுத்துப் போகிறாள்; போலிஷ் மொழி மட்டுமே அறிந்த அந்த நீதிபதி, மணமுடிக்க வந்த ஜோடி இவர்கள்தான் என்று நினைத்துத் திருமணத்தை நடத்தி வைத்துவிடுகிறார். ஒரு சொல்லும் காதில் விழாத படத்தில் மொழி தெரியாமையையே முடிச்சாகப் போட்ட துணிச்சலைப் பாருங்கள்! அதன்பின் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், முரட்டு மைத்துனர்களை மீறி ஒரு துண்டு இறைச்சிகூட இவர் தட்டுக்கு வராதபோது, சுவரிலிருக்கும் நாட்காட்டியை வெள்ளிக்கிழமைக்குத் திருப்பிவிடுகிறார். கத்தோலிக்கக் குடும்பம், வெள்ளியன்று புலால் ஆகாது; எடுத்த இறைச்சியை எல்லோரும் திரும்ப வைத்துவிட, மாப்பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்குகிறார்.